காயல் வாயில் நின்ற கப்பல்கள்: ஸ்கார்பரோ திட்டு, 2012

தென்சீனக் கடலில் சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டைக் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பார்ப்பவருக்கு, இதற்காகவா இவ்வளவு சண்டை என்றுதான் தோன்றும். நீருக்கு மேலே தெரிவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பாறை முகடுகள். மரம் கிடையாது, குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, வீடு கட்ட இடமும் கிடையாது. விஷயம் இருப்பது தண்ணீருக்கு அடியில். ஏறக்குறைய 46 கிலோமீட்டர் சுற்றளவில் முக்கோண வடிவில் ஒரு பவள வளையம். அதன் நடுவே அலையடங்கிய ஒரு பெரிய காயல். உள்ளே போய்வரத் தென்கிழக்கு மூலையில் சுமார் 400 மீட்டர் அகலத்தில் ஒரு வாய். பெரிய படகுகள் நுழைய அந்த ஒரு வழிதான்.

பிலிப்பைன்ஸ் மீனவர்கள் இந்த இடத்தைப் பனாடாக் என்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு அமைதி, கலக்கமில்லாத நிலை என்று பொருள். லூசோன் தீவின் மேற்குக் கரையிலுள்ள மாசின்லோக், சுபிக் போன்ற ஊர்களிலிருந்து இருபுறமும் மூங்கில் கட்டிய பாங்கா படகுகளில் கிளம்புகிறவர்கள், காற்று முற்றினால் இந்தக் காயலுக்குள் புகுந்து நங்கூரம் போடுவார்கள். கரையிலிருந்து 120 கடல் மைல், அதாவது 220 கிலோமீட்டர். சீனாவின் எந்தக் கரையிலிருந்து அளந்தாலும் தூரம் இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனாலும் ஹைனான் தீவின் தான்மன் துறைமுகத்திலிருந்து சீன மீனவர்களும், வியட்நாம் மீனவர்களும் இங்கே வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பெரிய தகராறு இல்லாமல், மீன் பிடித்துப் போனார்கள். 2012-க்குப் பிறகு அது நின்றுபோனது.

ஒரு பெரிய நாடு தன்னைவிடச் சிறிய அண்டை நாட்டின் கடலை, ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடாமல், எப்படித் தன் கைக்குள் கொண்டுவருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை மெதுவாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

இரு தரப்பு வாதம்

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திட்டு யாருடையது என்ற கேள்விக்கு எந்தப் பக்கமும் முழுச் சுத்தமான பதில் கிடையாது.

சீனா 1279-ஆம் ஆண்டுக்குப் போகிறது. யுவான் அரச காலத்து வானியலாளர் குவோ ஷோஜிங் தென்கடலில் அளவை செய்த இடம் இதுதான் என்பது பெய்ஜிங்கின் வாதம். அந்தப் பழமையை அவர்களுடைய பெயர்ப் பட்டியல்களே பலவீனப்படுத்துகின்றன. 1935-ல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் இத்திட்டின் பெயர் 'ஸ்கார்பரோ' என்ற ஆங்கிலப் பெயரின் ஒலிபெயர்ப்பு. அந்தப் பெயரே 1784-ல் இந்தப் பவளத்தில் மோதித் தரைதட்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலிலிருந்து வந்தது. 1947-ல் பெயர் 'மின்ஷு' என்று மாறியது. அதாவது ஜனநாயகத் திட்டு. இன்று அவர்கள் சொல்லும் ஹுவாங்யான் தாவ் என்ற பெயர் 1983-ல்தான் அதிகாரபூர்வமானது. எழுநூறு ஆண்டுச் சொந்தம் என்று சொல்லப்படும் ஓர் இடத்துக்கு வெளிநாட்டான் வைத்த பெயரையே முதலில் எழுதிவைத்தார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

பிலிப்பைன்ஸ் 1734-ஆம் ஆண்டு வரைபடத்தைக் காட்டுகிறது. ஏசு சபைப் பாதிரியார் முரில்லோ வெலார்தே வரைந்த அதில் லூசோனுக்கு மேற்கே 'பனாகோட்' என்று ஒரு திட்டு குறிக்கப்பட்டிருக்கிறது. 1965-ல் அங்கே கொடி நட்டு, ஒரு சிறு கலங்கரை விளக்கும் வைத்தார்கள். சுபிக் வளைகுடாவில் தளம் வைத்திருந்த காலத்தில் அமெரிக்கக் கடற்படை இந்தத் திட்டைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. ஆனால் 1898-ல் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்குக் கொடுத்த பாரிஸ் ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு திட்டுக்குக் கிழக்கே நின்றுவிடுகிறது. கோட்டுக்கு வெளியே விடுபட்டவையும் சேரும் என்று 1900-ல் போட்ட இன்னொரு ஒப்பந்தத்தைக் காட்டித்தான் மணிலா அந்த ஓட்டையை அடைக்கிறது.

1991 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் அமெரிக்கத் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் அமெரிக்கக் கப்பல்கள் சுபிக்கை விட்டுப் போயின. 1995-ல் சீனா தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்திலுள்ள மிஸ்சீஃப் திட்டில் கம்பங்கள் நட்டுக் குடில்கள் கட்டியது; மீனவர் ஒதுங்குவதற்கு என்றது. இன்று அதே இடத்தில் விமான ஓடுபாதை இருக்கிறது.

இரண்டு மாதம்

2012 ஏப்ரல் 10. பிலிப்பைன்ஸ் கடற்படையின் கிரெகோரியோ டெல் பிலார் என்ற கப்பல் திட்டை நெருங்குகிறது. அன்று அந்த நாட்டின் மிகப் பெரிய போர்க்கப்பல் அதுதான்; 1960-களில் கட்டப்பட்டு, அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் உழைத்து ஓய்ந்து, முந்தைய ஆண்டு மணிலாவுக்கு வந்தது. காயலுக்குள் 8 சீன மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. வீரர்கள் ஏறிப் பார்க்கிறார்கள். உள்ளே ராட்சதச் சிப்பிகள், வெட்டியெடுத்த பவளம், உயிருள்ள சுறாக்கள். எல்லாமே சட்டவிரோதமாகப் பிடித்தவை என்றது பிலிப்பைன்ஸ். கைது செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கைது நடக்கவில்லை. சீனாவின் கடல் கண்காணிப்புத் துறையின் இரண்டு கப்பல்கள் வந்து காயல் வாய்க்கும் பிலிப்பைன்ஸ் கப்பலுக்கும் நடுவே நின்றுகொண்டன. இரண்டும் வெள்ளை நிறம் பூசிய சிவில் துறைக் கப்பல்கள். எதிரே நிற்பது சாம்பல் நிறப் போர்க்கப்பல். அந்தக் காட்சியை அப்படியே படம்பிடித்தால் யார் ராணுவத்தை முதலில் கொண்டுவந்தவர் என்று தோன்றும்? பெய்ஜிங் அதைத்தான் உடனே சொன்னது. மணிலாவுக்கும் புரிந்தது. இரண்டு நாளில் போர்க்கப்பலை விலக்கிக் கடலோரக் காவல்படைக் கப்பலை அனுப்பினார்கள். அந்த இடைவெளிக்குள் 8 படகுகளும் பிடித்த சிப்பியோடும் பவளத்தோடும் புறப்பட்டுப் போய்விட்டன.

மணிலாவின் முதல் சறுக்கல் இது. ஆனால் போர்க்கப்பலை அனுப்பியவர்களைக் குறை சொல்வது சுலபம். அவ்வளவு தூரம் போய் அலை தாங்கி நிற்கக்கூடிய கப்பல் அன்றைய பிலிப்பைன்ஸிடம் வேறு எத்தனை இருந்தது? கடலோரக் காவல்படையிடமும் மீன்வளத் துறையிடமும் இருந்தவை சிறிய கலங்கள். எரிபொருளுக்கும் சாப்பாட்டுக்கும் கரைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். சீனத் தரப்பில் ஒரு கப்பல் திரும்பும்போது மாற்றுக் கப்பல் வந்து நிற்கும். கடல் கண்காணிப்பு, மீன்வளக் காவல் என்று அப்போது சீனாவில் ஐந்து தனித்தனித் துறைகள் கடலில் ஓடின. அவற்றில் நான்கு 2013-ல் கடலோரக் காவல்படை என்ற ஒரே குடையின்கீழ் வந்தன.

அப்புறம் நடந்தது எண்ணிக்கை விளையாட்டு. ஏப்ரல் 28 அன்று ஒரு சீன மீன்வளக் காவல் கப்பல் இரண்டு பிலிப்பைன்ஸ் கலங்களை நோக்கி மணிக்கு 20 கடல்மைல் வேகத்துக்கும் மேல் பாய்ந்து மிக அருகில் கடந்துபோனது. மே 26 அன்று பிலிப்பைன்ஸ் மீன்வளத் துறையின் சிறு கலம் ஒன்றைப் பல சீனக் கப்பல்கள் சூழ்ந்து குறுக்கே வந்தன. மே மாதக் கடைசியில் சின்னப் படகுகளையும் சேர்த்தால் நூறை நெருங்கும் சீனக் கலங்கள் அங்கே இருப்பதாக மணிலா கணக்குச் சொன்னது.

கரையிலும் அழுத்தம் ஏறியது. பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்துக்கு ஜப்பானுக்கு அடுத்த பெரிய சந்தை சீனா. மே மாதம் சீனத் துறைமுகங்களில் பூச்சிச் சோதனை இறுகியது. கொள்கலன்களில் பழம் அழுகியது. பூச்சி பற்றிய புகார் தகராறுக்கு முன்பே இருந்தது என்பது உண்மை. ஆனால் சோதனை இறுகிய நேரம் தற்செயலானது என்று நம்ப முடியவில்லை. அடி விழுந்த இடத்தைப் பாருங்கள்: திட்டிலிருந்து வெகுதூரத்தில், தெற்கே மிண்டனாவோ தீவில் வாழைத் தோட்டம் வைத்திருந்தவர்கள். அந்தப் பாறைகளின் பெயரைக்கூட அவர்களில் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். பிலிப்பைன்ஸுக்குப் போகவிருந்த சீனச் சுற்றுலாக் குழுக்களும் அதே மாதம் நிறுத்தப்பட்டன. தோட்டக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் மணிலாவைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள்.

வாஷிங்டன் என்ன செய்தது? 1951-ல் போட்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தது. ஆனால் திட்டு யாருடையது என்பதில் அமெரிக்கா எந்தப் பக்கமும் சேராது என்று வெளியுறவு அமைச்சர் ஹிலரி கிளிண்டன் ஏப்ரல் 30 அன்று சொல்லிவிட்டார். தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் படையோ அரசுக் கப்பலோ தாக்கப்பட்டால் ஒப்பந்தம் செல்லும் என்று வெளிப்படையாகச் சொல்ல 2019 மார்ச் வரை ஆனது. 2012-ல் அந்த ஒரு வாக்கியம் சொல்லப்பட்டிருந்தால் கணக்கு மாறியிருக்குமா? மாறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு என்பது வேறு கேள்வி.

எழுதி வாங்காத ஒப்பந்தம்

ஜூன் மாதம் வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் கர்ட் கேம்பல், சீனத் துணை வெளியுறவு அமைச்சர் ஃபூ யிங்கை வர்ஜீனியாவில் சந்தித்தார். இரு தரப்பும் ஒரே நேரத்தில் விலகுவது என்று முடிவானதாக அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் சொல்கின்றன. அப்படி ஒரு உடன்பாடே இல்லை என்கிறது சீனா. கையெழுத்திட்ட தாள் எதுவும் கிடையாது. ஜூன் தொடக்கத்தில் காயலுக்குள் இருந்த அரசுக் கப்பல்களை இரு பக்கமும் வெளியே எடுத்தன. ஜூன் 15 அன்று, புயல் நெருங்கியதால், அதிபர் பெனிக்னோ அக்கினோ எஞ்சியிருந்த தன் கப்பல்களையும் திரும்பச் சொன்னார்.

சீனக் கப்பல்கள் போகவில்லை. போன சிலவும் திரும்பி வந்தன. ஜூலையில் காயல் வாயில் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள்.

இந்த நிகழ்வில் எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். எதிரில் நிற்பவர் பலசாலி என்றால், அவரோடு பேசி முடித்ததை எழுதி வாங்காமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. பிலிப்பைன்ஸின் உள்ளேயும் குழப்பம் இருந்தது. வெளியுறவு அமைச்சர் ஆல்பர்ட் டெல் ரொசாரியோ ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் செனட்டர் அன்டோனியோ டிரிலானெஸ் அதிபரின் ஒப்புதலோடு பெய்ஜிங்குக்கு ரகசியமாகப் போய்வந்தார். எந்தக் குரல் மணிலாவின் குரல் என்று எதிர்த் தரப்பு தேர்ந்தெடுத்துக்கொள்ள முடிந்தது. பின்னால் இந்த இருவரும் ஒருவர் மீது ஒருவர் பழி சொன்னார்கள். கடலில் இழந்தது அதனால் திரும்பவில்லை.

அக்கினோவின் இக்கட்டையும் சொல்ல வேண்டும். புயலில் ஒரு சிறு கலம் கவிழ்ந்து இருபது மாலுமிகள் செத்திருந்தால் அவரை யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள். மாலுமிகளைக் காப்பாற்ற எடுத்த முடிவைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புயல் ஓய்ந்த மறுநாளே திரும்பப் போகாததுதான் தவறு.

ஜூலையில் கம்போடியத் தலைநகர் நோம்பென்னில், தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். கூட்டறிக்கையில் ஸ்கார்பரோவைக் குறிப்பிட வேண்டும் என்றது பிலிப்பைன்ஸ். தலைமை நாடான கம்போடியா ஒத்துக்கொள்ளவில்லை. அமைப்பின் 45 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாகக் கூட்டறிக்கையே இல்லாமல் கலைந்தார்கள். அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் உதவி இல்லை என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

பாறை யாருடையது என்று கேட்காத வழக்கு

2013 ஜனவரி 22 அன்று பிலிப்பைன்ஸ், ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் ஏழாவது இணைப்பின்படி சீனாவுக்கு எதிராக நடுவர் வழக்குத் தொடுத்தது. உடன்படிக்கை 1982-ல் உருவானது. பிலிப்பைன்ஸ் 1984-லும் சீனா 1996-லும் அதை ஏற்று உறுதிசெய்தன. எனவே சீனாவின் சம்மதம் தனியாகத் தேவையில்லை.

வழக்கை வடிவமைத்த விதம்தான் இதில் மிக அழகான பகுதி. தலைமை வழக்கறிஞர் பால் ரெய்க்லர், 1980-களில் அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவாவுக்கு வாதாடி வென்ற குழுவில் இருந்தவர். அவர் முன்னால் இரண்டு சுவர்கள் இருந்தன. ஒன்று, நிலம் யாருடையது என்ற கேள்வியைக் கடல் சட்ட உடன்படிக்கை தொடாது. இரண்டு, எல்லை பிரித்தல், ராணுவ நடவடிக்கை, வரலாற்று அடிப்படையிலான முழு உடைமை ஆகியவற்றில் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு உட்பட மாட்டோம் என்று சீனா 2006-லேயே அறிவித்திருந்தது; அதற்கு உடன்படிக்கையில் இடமுண்டு.

ஆகவே பாறை யாருடையது என்று அவர்கள் கேட்கவேயில்லை. அது என்ன மாதிரியான பாறை என்று கேட்டார்கள். மனிதர் வாழவும் சொந்தப் பொருளாதாரம் நடத்தவும் இடம் தரும் தீவுக்கு 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் உண்டு; அந்தக் கடலின் வளங்கள் அந்த நாட்டுக்கே. வெறும் பாறைக்கு 12 மைல் ஆட்சிக்கடல்தான். கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் திட்டுக்குத் தனியாக ஒன்றுமே கிடையாது. சீனாவுக்கு அந்தப் பாறைகள் எல்லாமே சொந்தம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அவற்றிலிருந்து 200 மைல் கோரிக்கை எழவில்லை என்றால், லூசோனுக்கும் பிலிப்பைன்ஸின் பலாவான் தீவுக்கும் மேற்கே உள்ள கடலில் ஒன்றோடொன்று மோதும் இரண்டு மண்டலங்களே இல்லை. மோதல் இல்லையென்றால் பிரிக்க வேண்டிய எல்லையும் இல்லை. சீனாவின் 2006 விலக்கு அங்கே உதவாது.

அடுத்தது, தென்சீனக் கடலின் பெரும்பகுதியை வளைத்துச் சீனா காட்டும் ஒன்பது கோட்டு வரைபடம். 1947-ல் பழைய சீனக் குடியரசு 11 கோடுகளாக வரைந்தது. 2009 மே மாதம் சீனா அதன் 9 கோட்டு வடிவத்தை ஐ.நா.வுக்கு அனுப்பிய குறிப்போடு இணைத்தது. கோட்டுக்குள் இருப்பது எந்தச் சட்டப்படி தங்களுடையது என்று அவர்கள் தெளிவாகச் சொன்னதில்லை. கோட்டுக்குள் பிற நாட்டுக் கப்பல்கள் சுதந்திரமாகப் போகலாம், விமானம் பறக்கலாம் என்று சீனாவே சொல்லிவந்தது. தன் சொந்த ஆட்சிக்கடல் என்றால் அப்படிச் சொல்ல மாட்டார்களே! எனவே சீனா கோருவது கடலின் மீது முழு உடைமை அல்ல, மீன், எண்ணெய் போன்ற வளங்களின் மீது வரலாற்று உரிமை மட்டுமே என்று தீர்ப்பாயம் கண்டது. விலக்கு முழு உடைமைக்குத்தான் பொருந்தும். ஆக, அந்தக் கதவும் திறந்தது.

சீனா பங்கேற்கவில்லை. 2014 டிசம்பர் 7 அன்று தன் நிலையை ஓர் அறிக்கையாக வெளியிட்டதோடு சரி. வராதவர் தரப்பையும் தீர்ப்பாயம் தானே எடுத்துப் பேசிப் பரிசீலிக்க வேண்டியிருந்தது. அந்த வகையில் நடுவர்கள் மிகக் கவனமாக இருந்தார்கள் என்பது தீர்ப்பைப் புரட்டினாலே தெரியும். தலைமை நடுவராக முதலில் நியமிக்கப்பட்டவர் இலங்கையின் மூத்த ராஜதந்திரி கிறிஸ் பின்டோ. கடல் சட்ட உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைகளில் பழுத்தவர். அவருடைய மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர் என்பதால் அவர் விலகிக்கொண்டார். அவர் இடத்துக்குக் கானாவின் தாமஸ் மென்சா வந்தார். பிரான்சின் ழான்-பியர் கோத், போலந்தின் பாவ்லக், நெதர்லாந்தின் சூன்ஸ், ஜெர்மனியின் வுல்ஃப்ரும் மற்ற நால்வர்.

இந்த ஐவரில் மூவர், அதாவது மென்சா, கோத், வுல்ஃப்ரும், வங்காள விரிகுடாவில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இருந்த கடல் எல்லை வழக்கிலும் நடுவர்கள். வங்கதேசத்தின் வழக்கறிஞர் அதே ரெய்க்லர். 2014 ஜூலையில் வந்த அந்தத் தீர்ப்பு, தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. இந்தியா ஏற்றுக்கொண்டது. பெரிய நாடுகள் இப்படிப்பட்ட தீர்ப்புகளை மதிக்கவே மாட்டா என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன். மதிக்க முடியும். மதிக்காமல் இருப்பது ஒரு நாடு தானாக எடுக்கும் முடிவு.

2016 ஜூலை 12

தீர்ப்பு ஏறக்குறைய 500 பக்கம். ஒன்பது கோட்டுக்குள் சீனா கோரும் வரலாற்று உரிமை, உடன்படிக்கையோடு முரண்படும் அளவுக்குச் செல்லாது. ஸ்ப்ராட்லி கூட்டத்தில் எதற்கும் 200 மைல் மண்டலம் கிடையாது. அதில் மிகப் பெரியதும் தைவான் வசம் இருப்பதுமான இட்டு அபாவுக்கும் இல்லை. மிஸ்சீஃப் திட்டு, கடல் வற்றினால் மட்டுமே தெரியும் திட்டு. அது பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலத்தில் இருக்கிறது. அங்கே சீனா கட்டியது சட்டமீறல்.

ஸ்கார்பரோ பற்றிய பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அது ஒரு பாறை, 12 மைல் கடல் உண்டு, யாருடையது என்று சொல்ல மாட்டோம் என்கிறார்கள் நடுவர்கள். யாருடையதாக இருந்தாலும் தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் பிடித்துவந்த எளிய மீனவர்களின் உரிமை அந்த 12 மைலுக்குள் அழிவதில்லை. பிலிப்பைன்ஸ் மீனவருக்கும் அது உண்டு, சீன மீனவருக்கும் உண்டு, வியட்நாமியருக்கும் உண்டு. 2012 மே முதல் பிலிப்பைன்ஸ் மீனவர்களைத் தடுத்தது சட்டவிரோதம். திட்டு பிலிப்பைன்ஸின் வசம் இருந்து, அவர்கள் சீன மீனவரைத் தடுத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்போம் என்று சேர்த்துச் சொன்னார்கள். அரசுகள் கொடியைப் பற்றி வாதாடிய வழக்கில், பாங்கா படகில் வரும் மனிதனுக்கென்று ஒரு உரிமையைத் தனியாக எடுத்து எழுதிவைத்த பகுதி அது.

ஏப்ரல் 28, மே 26 சம்பவங்களையும் தீர்ப்பாயம் விடவில்லை. கப்பல்கள் மோதாமல் தவிர்க்கும் சர்வதேச விதிகளைச் சீனக் கப்பல்கள் மீறின என்று முடிவு செய்தது. சிப்பி விஷயத்திலும் அப்படியே. தான்மன் படகுகள் கயிற்றால் கட்டிக்கொண்டு, படகை உந்தும் சுழல் விசிறியால் பவளத்தைப் பொடியாக்கி, அடியில் புதைந்த ராட்சதச் சிப்பியைத் தோண்டியெடுத்தன. சீன அதிகாரிகளுக்கு அது தெரிந்தும் தடுக்கவில்லை என்று பதிவானது. ஓர் ஆள் ஆயுளுக்கு மேல் எடுத்து வளர்ந்த பவளம் சில மாதங்களில் சுண்ணாம்புத் தூளானது. பாறை யாருடையது என்ற பேச்சில் இந்த அழிவு அடிபட்டுப் போகிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

தீர்ப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே, சீனாவின் மூத்த ராஜதந்திரி தாய் பிங்குவோ அது வெறும் காகிதம் என்று வாஷிங்டனில் சொல்லிவிட்டார். தீர்ப்பைச் செயல்படுத்த ஐ.நா. உடன்படிக்கையின் கையில் படையோ போலீசோ இல்லை.

தீர்ப்புக்குப் பின்

வென்ற நாட்டிலும் கொண்டாட்டம் இல்லை. 12 நாள் முன்பு ரொட்ரிகோ துதெர்த்தே அதிபராகியிருந்தார். சீன முதலீடு அவருக்கு முக்கியம். தீர்ப்பைப் பேசாமல் ஓரமாக வைத்தார். அக்டோபரில் அவர் பெய்ஜிங் போய்வந்த பிறகு, மீனவர்கள் திட்டைச் சுற்றி மீன் பிடிக்கச் சீனக் காவல்படை விட்டது. காயலுக்குள் மட்டும் விடவில்லை. உரிமையாக இருந்தது இப்படி அனுமதியாக மாறியது. 2018-ல், காவல்படையினர் படகில் ஏறி நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நூடுல்ஸ், தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று மீனவர்கள் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அனுமதி என்றால் இப்படித்தான். கொடுக்கிறவர் என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் தீர்ப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தோனேசியா 2020 மே மாதம் ஐ.நா.வுக்கு எழுதிய குறிப்பில் அதை மேற்கோள் காட்டி ஒன்பது கோட்டை மறுத்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் அதே ஆண்டு செப்டம்பரில் சேர்ந்து எழுதின. இந்தியா 2023 ஜூனில் பிலிப்பைன்ஸுடன் வெளியிட்ட கூட்டறிக்கையில் தீர்ப்பைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றது. இன்னொன்றும் நடக்கவில்லை: 2013 முதல் ஸ்ப்ராட்லியில் ஏழு திட்டுகளில் சுமார் 13 சதுர கிலோமீட்டர் மணல் கொட்டி நிலமாக்கிய சீனா, ஸ்கார்பரோவில் இதுவரை மணல் கொட்டவில்லை. அதற்குத் தீர்ப்பு மட்டும் காரணம் இல்லை. அமெரிக்காவின் எச்சரிக்கையும் உண்டு. ஆனால் மணிலா கையில் தீர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்த எச்சரிக்கைக்கு நிற்க ஓர் இடம் இருந்திருக்காது.

2022-ல் பெர்டினான்ட் மார்கோஸ் ஜூனியர் அதிபரானதும் மணிலா வேறு வழி பிடித்தது. நடப்பதை எல்லாம் படம்பிடித்து அன்றன்றே வெளியிட ஆரம்பித்தார்கள். பத்திரிகையாளர்களைக் கப்பலிலேயே அழைத்துப் போனார்கள். 2023 செப்டம்பரில் சீனத் தரப்பு காயல் வாயில் 300 மீட்டர் மிதவைத் தடுப்பு போட்டது. மீனவர் வேடத்தில் பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படை வீரர் ஒருவர் நீருக்குள் இறங்கி, கத்தியால் அதன் கயிற்றை அறுத்தார். 2024 ஏப்ரல் 30 அன்று சீன நீர்ப்பீரங்கியின் வேகத்தில் பிலிப்பைன்ஸ் கப்பல் பகாகேயின் கைப்பிடிக் கம்பியும் மேல்கூரையும் சேதமாயின. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று மார்கோஸ் கடல் மண்டலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரண்டே நாளில் சீனா ஸ்கார்பரோவைச் சுற்றித் தன் ஆட்சிக்கடலை அளக்கத் தொடங்கும் அடிப்படைக் கோடுகளை அறிவித்தது.

2025 ஆகஸ்ட் 11 அன்று நடந்ததைப் படத்தில் பார்த்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படையின் சுலுவான் கப்பலை ஒரு சீனக் காவல்படைக் கப்பலும் ஒரு சீனப் போர்க்கப்பலும் துரத்துகின்றன. இரண்டும் குறுக்கே வந்து தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கின்றன. காவல்படைக் கப்பலின் முன்பகுதி நசுங்கிப்போனது. மருத்துவ உதவி தருகிறோம் என்று வானொலியில் முதலில் கூப்பிட்டது பிலிப்பைன்ஸ் தரப்பு. பதில் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, ஸ்கார்பரோவில் 3,523.67 ஹெக்டேர் பரப்பில் தேசிய இயற்கைக் காப்பகம் அமைக்கச் சீன அரசு ஒப்புதல் தந்தது. பவளத்தைப் பாதுகாப்பதற்காக என்றார்கள்.

மாசின்லோக்கிலிருந்தும் சுபிக்கிலிருந்தும் படகுகள் இன்னமும் போகின்றன. காயலுக்குள் நுழைய வழியில்லாததால் வெளியே ஆழ்கடலில், மூங்கிலும் கயிறும் சேர்த்து மீனைக் கூட்ட மிதக்கவிடும் பாயாவ்களைச் சுற்றி நிற்கிறார்கள். கூடுதல் நாள் தாக்குப்பிடிக்க வேண்டியிருப்பதால் எரிபொருள் செலவு ஏறிவிட்டது. மீன்வளத் துறைக் கப்பல்கள் டீசலும் ஐஸும் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. காற்று முற்றும் நாளில் ஒதுங்க அமைதியான தண்ணீர் அருகிலேயே இருக்கிறது. அவர்களோ படகைத் திருப்பிக்கொண்டு, லூசோன் கரைக்கு 120 மைல் ஓட்டுகிறார்கள்.